ஜாடியில் நனைத்த கை

நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் இப்போது ஒரு கேமரா வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடிக் குவளைக்கு மேலே அதை மாட்டிவிட்டால், உள்ளே எத்தனை பூச்சி நீந்துகிறது, எத்தனை நின்றுவிட்டது என்று அதுவே எண்ணிச் சொல்லிவிடுமாம். அந்தப் பிரிவை இப்போது பார்த்துக்கொள்பவர் போன் செய்து, "நீங்க இத்தனை வருஷம் கண்ணாலயே எப்படி எண்ணினீங்கன்னு எழுதிக் கொடுங்க சார். புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் கொடுப்போம்" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவனை 'சார்' என்றதில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் எண்ணுவதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு வருவது அவர் கேட்காதது.

ஒரு தொழிற்சாலை புதிதாக ஒரு ரசாயனம் செய்தால், அது ஆற்றிலோ வாய்க்காலிலோ கலந்தால் அங்கே இருக்கும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். சிலர் மீனில் பார்ப்பார்கள், சிலர் பாசியில் பார்ப்பார்கள். எங்கள் பிரிவில் டாப்னியாவில் பார்த்தோம். அது நல்ல தண்ணீரில் வாழும் சின்ன உயிர். பெரியது எள் அளவு இருக்கும், அன்று பிறந்த குட்டி ரவை அளவுதான். இரண்டு கொம்பு மாதிரிக் கைகளை அடித்து அடித்துத் தத்தித் தத்தி மேலே ஏறும். நாங்கள் பூச்சி என்றுதான் சொல்வோம்.

சோதனைக்குப் பிறந்து ஒரு நாள் ஆகாத குட்டிகள் வேண்டும். முதல் நாள் மாலையே தாய்ப் பூச்சிகளைத் தனியே பிரித்து வைத்துவிட்டால் காலையில் குட்டிகள் கிடைக்கும். வாய் அகலமான சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கிய பிறகுதான் விட வேண்டும். மேலே இருந்து விட்டால் ஓட்டுக்குள் காற்று புகுந்து பூச்சி மிதந்துவிடும், அப்புறம் இறங்காது. ஒரு குவளையில் ஐந்து பூச்சி. ரசாயனம் ஐந்து அளவில் கலந்து, ஒவ்வோர் அளவுக்கும் நாலு குவளை. ரசாயனமே இல்லாத வெறும் தண்ணீர் நாலு குவளை. மொத்தம் இருபத்துநாலு. இரண்டு நாள் சாப்பாடு கிடையாது. இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு தடவை, நாற்பத்தெட்டில் ஒரு தடவை எண்ண வேண்டும்.

எண்ணுவது இப்படி. குவளைக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, குவளையை மெதுவாக ஒரு சுழற்றுச் சுழற்றி, பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் நீந்தினால் நீந்துகிறது. இல்லையென்றால் இல்லை. வெறும் தண்ணீரில் இருக்கும் இருபதில் இரண்டுக்கு மேல் நீந்தாமல் போனால் மொத்தச் சோதனையும் செல்லாது. ரசாயனம் இல்லாத இடத்திலேயே விழுகிறது என்றால், ரசாயனத்தில் விழுந்ததற்கு ரசாயனம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது பத்மாவதி மேடம். கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். கண்ணாடி கழுவ வேலைக்குச் சேர்ந்த என்னை ஆறு மாதத்தில் பூச்சி அறைக்கு மாற்றியவரும் அவர்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எண்ணும் நாளில் நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவேன். நான் வெளியே போன பிறகு அவர் எண்ணி இன்னொரு சீட்டில் எழுதுவார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். வித்தியாசம் இருந்தால் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

ஒரு தடவை ஒரு பூச்சி குவளையின் அடியில் கிடந்தது. கொம்பு மட்டும் துடித்தது. நான் உயிர் இருக்கிறதே என்று நீந்துகிற கணக்கில் போட்டுவிட்டேன்.

"நீந்திச்சா?" என்று கேட்டார்.

"கொம்பு ஆடுச்சுங்க மேடம்."

"அதைக் கேக்கலையே. இருந்த எடத்த விட்டு நகந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப நீந்தலன்னு எழுதுங்க. உயிரோட இருக்கா இல்லையான்னு இந்தத் தாள்ல யாரும் கேக்கல."

எழுதினேன். ஆனால் எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஒரு நாள் சோதனை முடிந்து கொட்டும்போது, நீந்தவில்லை என்று நான் எழுதியவற்றில் சிலதை நல்ல தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மறுநாள் இரண்டு நீந்தின. மேடத்திடம் சொன்னேன். "இருக்கும்" என்றார், அவ்வளவுதான். நீந்தியது, நீந்தவில்லை என்று நான் எழுதிய எத்தனையோ தாள்களில் அந்த இரண்டும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கேமராக்காரர்களுக்கு இது போதும். இனி நான் எழுத வந்தது.

என் வீடு ஸ்ரீரங்கத்தில். கூடம் திருவெறும்பூருக்கு அந்தப் பக்கம். சத்திரம் பஸ் நிலையத்தில் மாறிப் போக வேண்டும். எனக்கு ஆட்களோடு பேச வராது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது நான் டப்பாவைக் கழுவப் போய்விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு என்று சாத்தார வீதியில் வாங்கிய மல்லிகைப் பூ மறதியாகப் பையிலேயே கூடம் வரை வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். இவ்வளவு நெருக்கமாகக் கட்டியதா, இந்த விலைக்கா என்று கேட்டு அடுத்த வெள்ளிக்கு ஆளுக்கு ரெண்டு முழம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாராவாரம் வழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை மாலை நான் கிளம்பும்போது நாலு பேராவது கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கு வெள்ளி" என்பார்கள். பூ கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் எல்லாரும் என்னோடு பேசுவார்கள். நானும் நாலு வார்த்தை பேசுவேன். வாரத்தில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடம் அது.

காலையில் வாங்கிய பூ மதியம் வரை வாடக் கூடாது. கூடத்தில் எந்நேரமும் குளிர்ச்சியாக இருந்த இடம் பூச்சி அறைதான். பூச்சிக்கு இருபது டிகிரி வேண்டும் என்று ஏ.சி. நிற்காமல் ஓடும். வாழையிலைப் பொட்டலத்தை அங்கே ஓர் அலமாரியில் வைத்துவிடுவேன். பூவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமே. கூடத்துக் குழாயில் வருவது ஆழ்துளைத் தண்ணீர். தெளித்தால் பூவில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். அறையிலேயே ஒரு பெரிய கண்ணாடி ஜாடி உண்டு. சுத்தமான தண்ணீரில் நாலு வகை உப்பை அளந்து போட்டு, காற்றுக் குழாய் விட்டுக் குமிழ் வர வைத்திருப்போம். சோதனைக்கு உரிய தண்ணீர் அதுதான். குளிர்ந்து, தெளிவாக இருக்கும். நான் அதில் கையை நனைத்துப் பூவில் தெளிப்பேன். மறுபடி நனைப்பேன், மறுபடி தெளிப்பேன்.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அது விதி. விதிப்படி கழுவிய கையால்தான் செய்தேன். கழுவிய கை அடுத்துத் தொடுவது பூவை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஷமீம் எங்கள் பிரிவுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகப் போகிறது. எம்.எஸ்சி. படித்த பெண், வீடு பாலக்கரையில். ரசாயனத்தை எடை போட்டு, அளவு அளவாகக் கலந்து குவளையில் ஊற்றுவது அவர் வேலை. பூச்சி விடுவதும் எண்ணுவதும் என் வேலை. அவர் ஒப்பந்தத்தில் இருந்தார். இரண்டு வருடம் முடிந்ததும் நிரந்தரம் செய்வது வழக்கம். அந்தக் கோடையில் அவருக்குக் கடிதம் வர வேண்டும். வீட்டில் அவர் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் போய், அந்த வேலையை நம்பித்தான் எல்லாம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். என்னிடம் ஒரே ஒரு தடவை, பூவுக்குக் காத்திருக்கும்போது சொன்னார்.

அந்த நேரத்தில் ஒரு வேலை வந்தது. கொதிகலனில் உப்புப் படியாமல் இருக்கக் கலக்கும் ஒரு திரவம். அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் கையில் கிடைக்க வேண்டும் என்று மேனேஜர் சோதனை தொடங்கும் நாளை மாற்றினார். அதுவரை நாங்கள் திங்கள் தண்ணீர் தயாரித்துப் புதன் தொடங்குவது வழக்கம். இனிமேல் வியாழன் தண்ணீர் தயாரிக்க வேண்டும், திங்கள் தொடங்க வேண்டும்.

முதல் சோதனையில் புதன்கிழமை நான் எண்ணியபோது, வெறும் தண்ணீர் குவளைகளில் இருபதில் பதினொன்று அடியில் கிடந்தன. மேடம் எண்ணினார். அவர் சீட்டிலும் பதினொன்று.

"தாய்த் தொட்டி?" என்றார்.

தாய்ப் பூச்சிகள் வளரும் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். தொட்டியில் எல்லாம் நன்றாக நீந்தின. அதே நாளில் பிறந்து தொட்டியில் தங்கிய குட்டிகளும் நீந்தின. குவளைக்கு வந்தவை மட்டும் விழுந்திருக்கின்றன. தொட்டிக்குப் புதன்கிழமைகளில் தனியாகத் தண்ணீர் மாற்றுவோம், ஜாடியிலிருந்து அல்ல. இதை நான் அப்போது யோசித்தேனா என்றால் யோசிக்கவில்லை.

இரண்டாவது தடவையும் அதே கதி. இப்போது ஒன்பது. மேனேஜர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"வெறும் தண்ணில மருந்து எப்படிப் போச்சு? ஒரே குழாயை எல்லாத்துக்கும் வச்சா இப்படித்தான்" என்றார், ஷமீமைப் பார்த்து.

"இல்ல சார். வெறும் தண்ணிக்குத் தனிக் குழாய். அதைத்தான் முதல்ல ஊத்துவேன்."

"அப்ப தண்ணியே விஷமா? காவிரித் தண்ணியக் குடிச்சு வளர்ந்தவங்க நாம எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்?"

மேனேஜர் வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். மேடம் மட்டும் அமைதியாக, "குழாய்ல ஒட்டி வந்திருந்தா ஒரு குவளைல அதிகம், ஒண்ணுல கம்மின்னு இருக்கும். நாலுலயும் ஒரே மாதிரி விழுந்திருக்கு" என்றார். மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் இப்படி ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேடம் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். "காலைல உள்ள வர்றதுலேர்ந்து சாயங்காலம் போற வரைக்கும் இந்த அறைல என்ன பண்றீங்கன்னு எழுதுங்க. பண்ணணும்னு இருக்கறத எழுதாதீங்க. பண்றத எழுதுங்க."

நான் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். கை கழுவியது, விளக்கின் நேரம் பார்த்தது, வெப்பமானி பார்த்தது, தொட்டிக்குத் தீனியாகப் பாசித் தண்ணீர் ஊற்றியது எல்லாம் எழுதினேன். பூவை எழுதவில்லை. மறைக்க நினைத்து எழுதாமல் விட்டேனா? இல்லை என்றுதான் சொல்வேன். பூ வேலை இல்லையே. சாப்பிட்டதையும் நான் எழுதவில்லை. ஆனால் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. மூன்றாவது சோதனைக்கான ஜாடி குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து, பூவை உதறி, ஜாடியில் கையை விட்டேன். இரண்டாவது தடவை விடும்போது விரலில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது. அது தண்ணீரில் போய் மிதந்தது. அதை எடுக்க விரலை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

வியாழன் ஜாடி, வெள்ளி பூ, திங்கள் சோதனை. முன்பு திங்கள் ஜாடி, புதன் சோதனை. அப்போது வெள்ளிக்கிழமை ஜாடியில் இருந்தது மீதித் தண்ணீர்தான். சனிக்கிழமை அதைக் கொட்டிவிடுவோம். இவ்வளவும் ஒரே நேரத்தில் தலையில் வந்தது. உடனே எதிர்க்கேள்வியும் வந்தது. நடுவில் எப்போதோ அவசரத்துக்குத் திங்களில் தொடங்கிய ஒன்றிரண்டு சோதனைகள் நன்றாக வந்தனவே? அந்த வெள்ளிக்கிழமைகளிலும் நான் தெளித்தேனே? தலையில் வைக்கும் பூ, சாமிக்குப் போடும் பூ, அதில் என்ன இருக்கப் போகிறது?

யாரிடமும் சொல்லவில்லை. ஜாடித் தண்ணீரைக் கொட்டினேன். ஜாடியை ஏழு தடவை கழுவினேன். சனிக்கிழமை வந்து புதிதாகத் தண்ணீர் தயாரித்து, நாலு உப்பையும் அளந்து போட்டு, குழாய் விட்டேன். ஏட்டில் தண்ணீர் தயாரித்த கிழமை வியாழன் என்று முன்பே எழுதியிருந்தது. அதை அடித்துச் சனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

மூன்றாவது சோதனையில் வெறும் தண்ணீரில் இருபதும் நீந்தின. ரசாயனத்தில் விழ வேண்டியது ஒழுங்காக, அளவு கூடக் கூட அதிகமாக விழுந்தது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். சரிசெய்துவிட்டோம், இனிமேல் அறைக்குள் பூ வைக்க வேண்டாம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஷமீமுக்குக் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் கண்காணிப்பு. முதல் இரண்டு சோதனைகள் ஊற்றுவதில் ஏற்பட்ட கவனக்குறைவால் கெட்டன, எச்சரித்த பிறகு திருந்தியிருக்கிறார் என்று அவர் கோப்பில் எழுதிவிட்டார்கள்.

"பாத்தீங்களா, கவனமா செஞ்சா வருது" என்று மேனேஜர் நடைவழியில் என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் தண்ணீரைக் கொட்டி மாற்றியதுதான் அவர் தவற்றுக்குச் சாட்சியாகிவிட்டது. கொட்டாமல் விட்டிருந்தால் அவர் வேலையே போயிருக்கும். கொட்டியதால் பழி நிலைத்துவிட்டது. இதில் எது சரி என்று இரண்டு வாரம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை பூ கேட்டவர்களிடம் பூ நல்லாயில்லை என்று பொய் சொன்னேன். "என்னண்ணே, சீசன்லயா நல்லாயில்ல? வீட்ல அண்ணி திட்டினாங்களா?" என்று கேலி செய்தார்கள்.

சாத்தார வீதியில் நான் வழக்கமாக வாங்கும் பூக்கார அம்மாவிடம் ஒரு காலையில் கேட்டேன். "இந்தப் பூவுக்கு மருந்து அடிக்கிறாங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மொட்டுப்புழு வந்தா அடிக்காம கொஞ்சுவாங்களா? ஏன், உங்க வீட்ல யாராச்சும் பூ வச்சு மயங்கி விழுந்துட்டாங்களா?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

"நல்லாக் கேட்டீங்க காலங்காத்தால. எந்தத் தோட்டத்துக்காரன் என்னைக்கு அடிச்சான்னு எனக்கென்ன தெரியும்? நாலு ஊர்ப் பூ ஒரே கூடைல வருது. வேணும்னா வாங்குங்க, இல்லன்னா நகருங்க, பின்னால ஆள் நிக்குது."

அன்று பதினோரு மணிக்கு மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூ, ஜாடி, கை, இதழ், கொட்டியது, காரணம் எழுதாமல் விட்டது. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பூ மருந்துதான் காரணம்னு பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன் மேடம். பார்க்கல."

"கையை விட்டது?"

"அது பார்த்தது. நான்தான் விட்டேன்."

"சரி. பார்ப்போம்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. "உக்காருங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அந்த வெள்ளியே ஒரு முழம் பூ வாங்கிவரச் சொன்னார். ஒரு லிட்டர் சோதனைத் தண்ணீரில் அதை ஊறவைத்து, அதையே ஒரு ரசாயனம் மாதிரி அளவு அளவாகக் கலந்து, திங்களன்று இருபத்துநாலு குவளை வைத்தோம். கலந்து ஊற்றியது ஷமீம். எதற்காக என்று மேடம் அவரிடம் அப்போது சொல்லவில்லை. முடிவு தெரியாமல் ஊற்றட்டும் என்றார்.

இரண்டு நாள் கழித்து எண்ணினேன். பூத் தண்ணீரின் எல்லா அளவிலும் எல்லாப் பூச்சியும் நீந்தின. ஒன்றுகூட விழவில்லை.

எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. பழி என்மேல் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அப்படியானால் அது ஷமீம் மேலேயே போய்விடும். பூச்சிகள் விழட்டும் என்று மனதுக்குள் நினைத்தபடி குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். மறுபடி எண்ணினேன். நீந்தின.

அடுத்த வெள்ளிப் பூவில் செய்தோம். எல்லாவற்றிலும் அதிகமான அளவில் இருபதில் பதினெட்டு விழுந்தன. அதற்கடுத்த வெள்ளிப் பூவில் நாலு. ஒரே கடை, ஒரே கூடை, ஒரே கை. மேடத்தின் சீட்டிலும் அதே எண்கள்தான்.

"இதுக்கு என்னங்க மேடம் அர்த்தம்?"

"ஒரு வாரம் இருக்கு, ஒரு வாரம் இல்ல. அந்த ரெண்டு வாரம் இருந்துச்சான்னு கேட்டா, அந்தப் பூ இப்ப நம்மகிட்ட இல்ல."

"அப்ப நானா, நான் இல்லையா?"

"தெரியாது" என்றார். "தெரியாதுன்னுதான் எழுதப் போறேன்."

அப்படியே எழுதினார். சோதனைத் தண்ணீரில் வெளிப்பொருள் கலக்க வாய்ப்பு இருந்தது, அது பூச்சியைப் பாதிக்கக் கூடியது என்பது மூன்று தடவை பார்த்ததில் ஒரு தடவை உறுதியானது, ஒரு தடவை கொஞ்சம் தெரிந்தது, ஒரு தடவை உறுதியாகவில்லை, முதல் இரண்டு சோதனைகள் கெட்டதற்குக் காரணம் நிறுவப்படவில்லை. கீழே, நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து இணைத்தார். மேனேஜர் படித்துவிட்டு, "காரணமே தெரியலன்னா யார் மேல எழுதுறது?" என்று கேட்டார்.

"யார் மேலயும் எழுத முடியாது சார். ஷமீம் மேல எழுதுனதையும் எடுக்கணும். அதுக்கும் காரணம் நிறுவப்படல" என்றார் மேடம்.

மேனேஜர் ஒரு வாரம் இழுத்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அது நியாயம்தான். பிறகு ஷமீம் கோப்பில் இருந்த வரியை அடித்து, நிரந்தரக் கடிதமும் கொடுத்தார்.

அன்று மதியம் ஷமீம் பூச்சி அறைக்கு வந்தார். நான் எழுதிய தாளின் நகல் அவர் கையில் இருந்தது. சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்து, "வாழ்த்துகள்மா" என்றேன்.

"ஜாடிய நீங்க கொட்டுனது எந்தக் கிழமைண்ணே?"

"வெள்ளிக்கிழமைம்மா. அதுல எழுதியிருக்கேன்."

"படிச்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அதுதான் காரணம்னு எனக்குத் தெரியாதும்மா. இப்பவும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் கேக்கறேன். 'எனக்குத் தெரியல, ஆனா நான் கையை விட்டேன்'னு ஒரு வார்த்த." அவர் குரல் உயரவில்லை. "நான் ரெண்டு மாசமா என் கையவே பார்த்துக்கிட்டு இருக்கேன். வீட்ல டீ ஊத்தும்போது பார்க்கறேன். அத்தாவுக்கு மருந்து ஊத்தும்போது ரெண்டு தடவ, மூணு தடவ அளக்கறேன். 'ஏம்மா கை நடுங்குது'ங்கறார். என் கைதான் தப்புன்னு நானே நம்பிட்டேன்ணே."

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அது வெளியே கேட்கும்படி வந்ததா என்பது நிச்சயமில்லை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அதன் பிறகு நாங்கள் பல வருடம் அந்த அறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. வேலைக்கு வேண்டியதைப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு குவளைக்கும் ஊற்றும் முன் குழாயின் கோட்டைக் கண் அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார், கீழே வைப்பார், மறுபடி எடுத்துப் பார்ப்பார். இருபத்துநாலு குவளைக்கும் அப்படித்தான். முன்பு அரை மணியில் முடிந்த வேலை ஒரு மணிக்கு மேல் இழுத்தது. நான் பக்கத்தில் சொட்டுக்குழாயோடு காத்திருப்பேன். சீக்கிரம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? அந்த வருடக் கோடை போனது, ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அவர் இரண்டு தடவை பார்ப்பது நிற்கவில்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்தான், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே அடுத்த குவளைக்குப் போனார். என்ன பேசினார் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை.